பதினாறடி நிழல்

துணித்துண்டுகள் மூன்றைக் கார் மூக்கின் மேல் விரித்து
சிவப்பு எடுப்பாக இருக்கும் என்கிறான் கடைக்காரன்,
காரும் சிவப்புதானே.

எங்கள் பழைய பந்தல் சிவப்பு.
அதன் அடியில் மல்லாந்து கிடந்து
விரல்நுனியில் ஒரு சொட்டைப் பார்த்தேன் போன ஜூலையில்.
கியர் எண்ணெயா, தண்ணீரா?
சிவப்புத் துணிக்குக் கீழே
தண்ணீரும் சிவப்பு.
அந்தச் சந்தேகம் தீருமுன்
முதல் சுற்றுப் பந்தயம் கிளம்பிப் போய்விட்டது.

சாம்பல் நிறம் கொடு, என்றேன்.
வெர்லா வாய் திறக்கவில்லை.
அளவுநாடாவை இழுத்தபடி
ட்ரெய்லரின் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தாள்.

ஓட்டுவது அவள்.
கழற்றுவதும் பூட்டுவதும் நான்.
பிரிந்து நாலு வருஷமாகிறது.
வீடு அவளுக்கு, நாய் எனக்கு,
கடன் பாதிப்பாதி.
காரை எப்படிப் பங்கிடுவது என்று வக்கீல் கேட்டபோது
இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.
இடப்பக்கம் மட்டுமே திரும்பிப் பழகிய வண்டி ஐயா அது,
எந்தப் பாதியை யார் எடுப்பது?

நாலு கால் கூடாரம் வேண்டாம்.
இதில் மட்டும் இருவரும் ஒருமனம்.
அது பறந்ததைச் சேர்ந்து நின்று பார்த்தவர்கள் நாங்கள்.
முதலில் ஒரு காலைத் தூக்கியது, நாய் தூக்குவதுபோல.
பிறகு நாலையும்.
மேற்குக் கான்சாஸின் இறுகிய சரளையில்
முளை இறங்காது என்று
சிமெண்ட் வாளிகள் கட்டியிருந்தோம்.
வாளிகளோடு போயிற்று.
க்ளெட்டஸின் நாற்காலிகளைத் தாண்டி, வேலியைத் தாண்டி,
அறுத்த கோதுமை வயலில் இறங்கி
அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் நடந்தது.
நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
எங்களுக்குக் காற்றில் தெரிந்தது.

ஆக, ட்ரெய்லரின் நெற்றியில் சுருண்டு கிடக்கும் வகை.
அதிலும் இரண்டு.

பொத்தானை அழுத்தினால் நீள்வது ஒன்று.
காற்று வலுத்தால் தானே உணர்ந்து
தானே சுருண்டுகொள்ளுமாம்.
விலை, ஒரு சீசனின் டயர்காசு.
மற்றது கைப்பிடி.
ஒருவர் சுற்ற வேண்டும்,
மறுமுனைக் கம்பியை ஒருவர் தாங்க வேண்டும்.

பொத்தான், என்றேன். இடுப்புவலி, என்றேன்.
இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது.
தோற்ற இரவுகளில் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.
அப்போது அவளைக் கூப்பிடாமல்
எல்லாவற்றையும் மூடிவைக்க ஒருவனால் முடிய வேண்டும்.
இதைக் கடையில் வைத்து எப்படிச் சொல்வது?

அவள் கேட்டது கதவைப் பற்றி.
பக்கக் கதவு திறந்தால் துணியில் இடிக்குமா?
பதினெட்டடி என்றால் இடிக்கும்.
பதினாறு என்றால் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

பதினாறில் நிழல் பத்தாது வெர்லா.
நாலு மணிக்கு வெயில் சாய்ந்தால்
நம் காருக்கு ஒன்றும் மிஞ்சாது,
முழுக்கப் பக்கத்து ட்ரெய்லருக்குப் போய்விடும்.
க்ளெட்டஸ் அங்கே காலை நீட்டிப் படுப்பான்.

படுக்கட்டுமே, என்றாள்.

கடைக்காரன் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினான்.
துணி முனகிக்கொண்டே வெளியே வந்தது.
மறுமுனைக் கம்பி என் கையில் இருந்தது.
எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

இதுதான், என்றாள். சாம்பல். பதினாறு.

நான் வராத வாரம்
இந்த முனையை யார் தாங்குவது?

க்ளெட்டஸ் தாங்குவான்.
நிழல் அவனுக்குத்தானே போகிறது?

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல்
கம்பியின் திருகைத் தொட்டுப் பார்த்தாள்.
தளர்வாக இருந்தது.
சட்டைப்பையிலிருந்து என் ஸ்பேனரை எடுத்து
அவளே முறுக்கினாள்.

பில் யார் பேரில் போடட்டும்?
கடைக்காரன் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தான்.

கார் நம்பரைப் போடு.
நாற்பத்தேழு.